ஆக்ஸலாட்டலுக்கு எந்தத் தீனி? டெல்டா வீடுகளில் எது சரிப்படும், எது சரிப்படாது

மண்வெட்டியால் ஒரு கொத்து கொத்தினால் நாலு மண்புழு நெளிகிற மண் இது. அதனால் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் ஆக்ஸலாட்டல் (வாலோடும் வெளியே தெரியும் செவுளோடும் தண்ணீரிலேயே வாழும், தவளைக்குத் தூரத்து உறவான பிராணி) வாங்கி வைத்தவர்களுக்கு முதலில் தோன்றும் யோசனை, கொல்லையில் கிடக்கிற புழுவையே போட்டுவிடலாமே என்பதுதான். யோசனையில் பாதி சரி. வளர்ந்த ஆக்ஸலாட்டலுக்கு மண்புழுவை மிஞ்சிய தீனி கிடையாது. ஆனால் அதை வயலிலும் கொல்லையிலும் பிடிக்கக் கூடாது. அப்படியானால் எங்கே பிடிப்பது, கடையில் விற்கும் உருண்டைத் தீனி போதாதா, ஐஸ் கட்டியாக வரும் பிளட் வார்ம் எதற்கு, குஞ்சுகளுக்கு என்ன செய்வது என்று கேள்விகள் வரிசையாக வரும்.

முதலில் இந்தப் பிராணியின் வாயைப் பற்றி. மெக்சிகோ நகரத்தை ஒட்டிய சோச்சிமில்கோ ஏரிக் கால்வாய்கள்தான் இதன் சொந்த இடம். அங்கே புழு, பூச்சிகளின் இளம்பருவம், நத்தை, சின்ன மீன் என்று அசைகிற எல்லாவற்றையும் தின்னும். முழுக்க மாமிச உண்ணி. பல் இருக்கிறது என்று பேர்தான், கடிக்காது, மெல்லாது. சட்டென்று வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சி, முழுசாக விழுங்கிவிடும். கண் பார்வை மந்தம். மணத்தையும் நீரின் அசைவையும் வைத்தே இரையை அறியும். ஆகவே தீனி எதுவானாலும் நான்கு சோதனைகளில் தேற வேண்டும்: மென்மையாக இருக்க வேண்டும், நீரில் மூழ்க வேண்டும், மணக்க வேண்டும், வாயில் அடங்க வேண்டும். அடங்குகிறதா என்று பார்க்க எளிய அளவு, இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. அதைவிடத் தடித்த துண்டைப் போடாதீர்கள்.

உறிஞ்சி விழுங்கும் பழக்கத்தால் வரும் கேடு ஒன்று உண்டு. தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பியிருந்தால் இரையோடு கல்லும் உள்ளே போய்க் குடல் அடைத்துக்கொள்ளும். எவ்வளவு நல்ல தீனி வாங்கினாலும் அடியில் கல் இருந்தால் பயனில்லை. வெறும் கண்ணாடி அடி போதும். அல்லது மாவு போன்ற நைசான மணல்.

இடையில் ஒரு சட்ட விஷயம். ஆக்ஸலாட்டல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சிட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ள உயிரினம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு, இத்தகைய உயிர்களை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். தீனி வாங்கும் முன் அந்த வேலை முடிந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மண்புழு: எந்தப் புழு, எங்கே இருந்து

மண்புழுவை ஏன் முதலில் வைக்கிறோம் என்றால், ஈரம் நீக்கிய எடையில் அதன் புரதம் 60 முதல் 70 சதவீதம். கொழுப்பு குறைவு. வயிற்றில் மண் இருப்பதால் மற்றப் புழுபூச்சிகளில் கிடைக்காத சுண்ணாம்புச் சத்தும் கொஞ்சம் கிடைக்கும். கடினமான ஓடு இல்லை. தண்ணீரில் மூழ்கும், நெளியும், மணக்கும். ஒரே தீனியை வைத்து வருடக்கணக்கில் ஓட்டலாம் என்று துணிந்து சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

வயல் வரப்பில் பிடிக்கக் கூடாது என்பதற்குக் காரணம் குருணை மருந்து. குறுவைக்கும் சம்பாவுக்கும் தண்டுத் துளைப்பானுக்காக வயலில் விசிறும் கார்போஃபியூரான், கார்டாப் போன்றவை மண்ணிலும் நீரிலும் இறங்கும். மருந்தடித்த மண்ணில் பிழைத்துக் கிடக்கும் புழு, அந்த மருந்தைத் தோலிலும் குடலிலும் வைத்திருக்கக்கூடும். நமக்குக் கண்ணில் படாத அளவுகூட, தோலாலும் செவுளாலும் சுவாசிக்கும் ஒரு பிராணிக்கு அதிகம். வாழைத் தோட்டத்துச் சருகுக்கு அடியில் கொழுத்த புழு கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் வாழைக்கும் நூற்புழுவுக்காகக் கிழங்கடியில் அதே குருணையைத்தான் இடுகிறார்கள். வீட்டுக் கொல்லையிலும் கரையானுக்கு மருந்து ஊற்றியிருக்கலாம். பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீர் ஓடியிருக்கலாம். பல வருடமாக மருந்தே படாத இடம் என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் அங்கே தோண்டலாம்.

ஆகவே வீட்டிலேயே வளர்ப்பதுதான் வழி. மண்புழு உரம் போடுகிறவர்களிடம் கேட்டால் புழு கிடைக்கும். நீடாமங்கலம், சிக்கல் வேளாண் அறிவியல் நிலையங்களில் விசாரித்தால் அக்கம்பக்கத்தில் யார் வளர்க்கிறார்கள் என்று வழி தெரியலாம். வாங்கும்போது எந்த இனம் என்று பார்த்து வாங்க வேண்டும். எல்லா மண்புழுவையும் ஆக்ஸலாட்டல் ஏற்காது.

உரக்குழிகளில் பெரும்பாலும் இருப்பவை மூன்று. ஆப்பிரிக்க மண்புழு எனப்படும் யூட்ரிலஸ் தடியானது, ஊதா கலந்த பழுப்பு நிறம். 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் நன்றாகப் பெருகும். டெல்டாவின் சூட்டுக்கும் ஆக்ஸலாட்டலின் வாய்க்கும் இதுவே பொருத்தம். ஐசீனியா என்ற சிவப்புப் புழுவின் உடலில் வளையம் வளையமாக மஞ்சள் கோடு தெரியும். கையில் பிடித்தால் மஞ்சள் நிறத்தில் ஒரு நீரை விடும், நாற்றமடிக்கும். அந்த நீர் கசப்பு. பல ஆக்ஸலாட்டல்கள் வாயில் வாங்கி உடனே துப்பிவிடும். துப்பியதைப் பார்த்து "இதற்கு மண்புழுவே பிடிக்கவில்லை" என்று முடிவுகட்டி உருண்டைக்கு மாறிவிடுகிறவர்கள் உண்டு. பழி புழுவின் இனத்துக்குப் போக வேண்டியது. வேறு வழியில்லை, இந்தப் புழுதான் இருக்கிறது என்றால், கொதித்து இறக்கிய நீரில் பத்து விநாடி முக்கி எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவிப் போட்டால் கசப்பு குறையும். மூன்றாவது பெரியோனிக்ஸ்: மேல்பக்கம் நீலப் பளபளப்பு, தொட்டால் துள்ளும். மெல்லியது என்பதால் இளசுகளுக்கு ஆகும். ஆனால் மழை இரவில் பெட்டியை விட்டுக் கூட்டமாக வெளியேறிவிடும் புழு இது.

பெட்டி வைக்கும் முறை. ஏறக்குறைய 45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலமும் ஆழமும் உள்ள பிளாஸ்டிக் தொட்டி, அடியில் ஏழெட்டு ஓட்டை. முதலில் தேங்காய் மட்டையை நாலு விரற்கடை அடுக்குங்கள். அதன்மேல் தென்னை நார்க்கழிவும், 15 முதல் 20 நாள் ஆறிய மாட்டுச் சாணமும் சம பங்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கும். மூன்று முறை தண்ணீர் மாற்றி அலசிப் பிழிந்தே போட வேண்டும். புதுச் சாணம் சூடு கிளப்பிப் புழுவைக் கொல்லும். குடற்புழுவுக்கு ஐவர்மெக்டின் ஊசி போட்ட மாட்டின் சாணத்தைச் சில வாரங்களுக்குத் தொடவே வேண்டாம். மருந்து சாணத்தில் வெளியேறும். 200, 250 புழுவை விட்டு, வாழைச்சருகு மூடி, அதன்மேல் நனைந்த சாக்கு. நிழலில், காற்றோட்டத்தில் இருக்கட்டும். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரும் ஈரம் போதும்.

காய்கறிக் கழிவு கொடுக்கலாம். எலுமிச்சை, ஊறுகாய், உப்பு, மிளகாய், எண்ணெய் பட்ட எதுவும் ஆகாது. பெட்டியை அழிப்பது பெரும்பாலும் எறும்புதான். நான்கு செங்கல்லின்மேல் வைத்து, ஒவ்வொரு செங்கல்லையும் தண்ணீர் ஊற்றிய தட்டில் நிறுத்தினால் வராது. அந்தத் தட்டில் கொசு முட்டையிடும் என்பதால் இரண்டு நாளுக்கொரு முறை நீரை மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெட்டிக்குள் நீர் புகுந்தால் ஒரே இரவில் எல்லாம் அழுகும். திண்ணைக்கோ மாடிப்படியின் அடிக்கோ நகர்த்திவிடுங்கள்.

யூட்ரிலஸின் முட்டைக்கூடு இரண்டு மூன்று வாரத்தில் பொரியும். குட்டி முதிர ஒன்றரை, இரண்டு மாதம். அதனால் முதல் இரண்டு மாதம் பெட்டியில் இருந்து கொஞ்சமாகவே எடுங்கள். அதற்குள் அவசரப்பட்டு அள்ளினால் மூன்றாம் மாதம் பெட்டி காலி. 20 செ.மீ. தாண்டிய ஒரு ஆக்ஸலாட்டலுக்கு மூன்று நாளைக்கு ஒரு முறை இரண்டு மூன்று புழு. மாதம் 20, 30. இரண்டு பிராணி என்றால் 60. இவ்வளவையும் நன்றாக ஓடும் ஒரு பெட்டி தாங்கும்.

போடுவதற்கு முந்தைய நாள் வேண்டிய புழுவை எடுத்து, நனைத்துப் பிழிந்த நார்க்கழிவில் ஒரு டப்பாவில் 24 மணி நேரம் வையுங்கள். குடலில் உள்ள சாணம் வெளியேறிவிடும். பிறகு குளோரின் இல்லாத நீரில் அலசிப் போட வேண்டும். தடித்த புழுவை வெட்டிப் போடுவதில் தவறில்லை; இளசுகளுக்கு ஒரு செ.மீ. துண்டு. முழுப் புழுவைத் தின்றுவிட்டு மறுநாள் அப்படியே கக்கினால், துண்டு பெரிதாகிவிட்டது அல்லது தண்ணீர் சூடாகிவிட்டது. எது என்று தெரிய வெப்பமானியைப் பாருங்கள்.

உருண்டைத் தீனி

புழுவைத் தொட முடியாதவர்களுக்கும் அபார்ட்மெண்ட்டில் பெட்டி வைக்க இடமில்லாதவர்களுக்கும் இது ஏற்ற மாற்று. கெட்டுப்போகாத துணைத் தீனியாக எல்லா வீட்டிலும் ஒரு பொட்டலம் இருப்பதும் நல்லது. மாமிச உண்ணி மீன்களுக்கென்று வரும், மூழ்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். பொட்டலத்தின் பின்பக்கம் புரதம் 40 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். சேர்மானப் பட்டியலில் மீன் தூள் முதலில் வர வேண்டும், கோதுமையும் சோயாவும் முதலில் வந்தால் வேண்டாம். மூன்று, நாலு மி.மீ. அளவு போதும். மிதக்கும் உருண்டை ஆகாது. மேலே வந்து வாய் பிளக்கும்போது காற்றையும் விழுங்கி, பிராணி மேலேயே மிதந்துகொண்டிருக்கும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்தில் இறால் பண்ணைகள் நிறைய. பண்ணைத் தீனியும் மூழ்குகிறது, மூட்டையாகக் கிடைக்கிறது, விலையும் மலிவு. அதையே போடலாமா என்ற கேள்வி இயல்பு. வேண்டாம். வனாமி இறால் எதையும் மேயும் பிராணி. அதன் தீனியில் சோயாவும் கோதுமையும் கணிசமாக இருக்கும். ஆக்ஸலாட்டலின் குடல் அதற்கு ஆனதல்ல. எச்சம் கூடும், தொட்டி கலங்கும்.

உருண்டையின் எதிரி நம் ஊர்க் காற்றின் ஈரம். மழைக்காலத்தில் திறந்து வைத்த பொட்டலம் ஒரு மாதத்தில் பூசணம் பிடிக்கும். பெரிய டப்பா மலிவு என்று வாங்காமல் 50, 100 கிராம் வாங்கி, இறுக்கமான டப்பாவில் சிலிக்கா பையோடு வைத்து மூன்று மாதத்தில் தீர்த்துவிடுங்கள். போடும் முன் தொட்டி நீரில் ஒரு நிமிடம் நனைத்தால் மென்மையாகும். சாமணத்தில் பிடித்து மூக்குக்கு முன் மெதுவாக ஆட்டினால் வாங்கும். இல்லையென்றால் ஒரு சிறு பீங்கான் தட்டில் வையுங்கள். ஏதாவது ஒரு மூலையில் விழுந்து கரைந்த உருண்டை, மீந்த மண்புழுவைவிட வேகமாக நீரைக் கெடுக்கும்.

பிளட் வார்மும் டியூபிஃபெக்ஸும்

பிளட் வார்ம் என்பது கொசுவைப் போன்ற, கடிக்காத ஒரு ஈயின் சிவப்பு நிற இளம்புழு. இதைக் கண்டால் ஆக்ஸலாட்டல் பாய்ந்து வரும். அதனாலேயே பலர் இதையே முழுத் தீனியாக்கிவிடுகிறார்கள். ஆனால் அதன் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். நாலைந்து செ.மீ. முதல் பத்து செ.மீ. வரையிலான இளசுகளுக்கு நல்ல தீனி. பெரியதுக்கு இது வெறும் நொறுக்குத் தீனி. இதை மட்டுமே தின்று பழகியது மண்புழுவைச் சீண்டாது. பழக்கத்தை மாற்ற ஒரு வாரம் பட்டினி போட வேண்டி வரும்.

டெல்டாவில் இதன் சிக்கல் குளிர்ச்சி. உறைந்த பொட்டலம் பஸ் பார்சலில் வந்து, வழியில் இளகி, கடையின் பிரீசரில் மறுபடி உறைந்திருக்கலாம். கட்டிகளின் சதுர வடிவம் குலைந்திருந்தால், பொட்டலத்தின் ஒரு ஓரத்தில் சிவப்பு நீர் தேங்கி உறைந்திருந்தால், நிறம் பழுப்பானால் வாங்காதீர்கள். வீட்டில் நீண்ட மின்வெட்டுக்குப் பிறகும் இதே சோதனை. போடும்போது கட்டியை ஒரு கிண்ணத்து நீரில் இளக்கி, வடிகட்டி, சிவப்பு நீரைக் கொட்டிவிட்டுப் புழுவை மட்டும் விடுங்கள். உலர்த்திய பிளட் வார்ம் மிதக்கும், வயிற்றில் ஊறிப் பருக்கும்; தவிர்க்கலாம்.

உயிரோடு விற்கும் டியூபிஃபெக்ஸ் என்ற மெல்லிய சிவப்புச் சேற்றுப்புழு பற்றி ஒரே வரி: அது சாக்கடையிலும் கழிவுநீர் ஓடையிலும் அள்ளியது, எத்தனை முறை அலசினாலும் குடலில் உள்ள கிருமி போகாது, வேண்டாம்.

குஞ்சுகளுக்கு

முட்டை பொரித்து இரண்டு மூன்று நாளில் மஞ்சள் கரு தீர்ந்ததும் குஞ்சு தின்னத் தொடங்கும். அசையாத எதையும் அது இரையாக நினைக்காது. இங்கே மண்புழுவும் இல்லை, உருண்டையும் இல்லை. உயிருள்ள, கண்ணுக்குச் சிறிதாகத் தெரிகிற இரை மட்டும்தான். போதிய இரை இல்லாவிட்டால் பக்கத்தில் அசையும் உடன்பிறப்பின் காலைக் கவ்வும். கால் பிறகு முளைத்துவிடும் என்றாலும், தொட்டியில் மொண்டிக் குஞ்சுகள் தெரிந்தால் அது பசியின் அடையாளம்.

முதல் தேர்வு ஆர்ட்டீமியா, உப்புநீரில் வாழும் பொடி இறால் போன்ற உயிர்; அதன் முட்டையை வாங்கி வீட்டில் பொரிக்கலாம். டெல்டாவின் சூடு இடைஞ்சலாக இல்லாமல் உதவியாக இருக்கும் ஒரே இடம் இதுதான்: முட்டை பொரிக்க 26 முதல் 28 டிகிரி வேண்டும், ஹீட்டர் இல்லாமலே நம் வீட்டில் அது இருக்கிறது. ஒரு லிட்டர் நீருக்கு 25 கிராம் அயோடின் சேர்க்காத கல்லுப்பு. வேதாரண்யம் உப்பு நன்றாகப் போதும். ஒரு கிராம் முட்டை, பாட்டிலின் அடிவரை காற்றுக் குழாய், மேலே விளக்கு. 24 மணி நேரத்தில் பொரியும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடுகள் மேலே மிதக்கும். அடியில் டார்ச் அடித்தால் ஆரஞ்சுக் குஞ்சுகள் வெளிச்சத்துக்குக் கூடும். அங்கிருந்து குழாயால் உறிஞ்சி, நெருக்கமாக நெய்த வேட்டித் துணியில் வடித்து, நல்ல நீரில் அலசி விடுங்கள். உப்பையும் ஓட்டையும் தொட்டிக்குள் விடக் கூடாது. ஓடு குஞ்சின் குடலை அடைக்கும். ஒரு கிராமில் இரண்டு லட்சத்துக்கு மேல் முட்டை இருக்கும் என்பதால் தாராளமாகப் போடலாம். காலை, மாலை இரண்டு வேளை. தின்ற குஞ்சின் வயிறு ஆரஞ்சாகத் தெரியும். தெரியவில்லை என்றால் தின்னவில்லை. நல்ல நீரில் ஆர்ட்டீமியா சில மணி நேரமே தாங்கும், ஆகவே செத்ததை அன்றன்றே உறிஞ்சி எடுங்கள்.

இரண்டாவது மொய்னா. நீரில் துள்ளி நீந்தும் டாஃப்னியா என்ற பொடி உயிரின் சிறிய உறவு, வெயிலை அதைவிட நன்றாகத் தாங்கும். நல்ல நீரிலேயே உயிரோடு இருப்பதால் குஞ்சு பசித்தபோது தின்னும். இந்த ஒரு விஷயத்தில் ஆர்ட்டீமியாவை விட மேல். 100 லிட்டர் சிமெண்ட் தொட்டியில் பாசி படர்ந்த நீர் வைத்து, இரண்டு கிராம் ஈஸ்ட்டைக் கரைத்து ஊற்றினால் ஒரு வாரத்தில் பெருகும். கூடுதலாக ஊற்றினால் நீர் அழுகி எல்லாம் ஒரே நாளில் போகும். ஊர்க் குளத்தில் வலை வீசியும் மொய்னா அள்ளலாம்தான், ஆனால் கூடவே தட்டானின் இளம்பருவமும் அட்டையும் வரும். தட்டான் குட்டி ஒன்று போதும், ஒரு தட்டு ஆக்ஸலாட்டல் குஞ்சைத் தின்று தீர்க்க.

கொசுப்புழு இலவசம், இரண்டு செ.மீ. தாண்டிய குஞ்சுக்கு நல்ல தீனியும்கூட. ஆனால் நகராட்சி, ஊராட்சிப் பணியாளர்கள் டெங்குவுக்காகத் தண்ணீரில் டெமிஃபாஸ் என்ற கொசுப்புழு மருந்தை ஊற்றுகிறார்கள். அந்த நீரில் எடுத்த புழு விஷம். தனி வாளியில் வளர்த்தாலும் நம் வெயிலில் முட்டை ஏழெட்டு நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். நாலாம் நாளே வடித்து எடுக்க முடியாதவர்கள் இதைத் தொடங்க வேண்டாம், தெருவே திட்டும்.

மற்றவை

கப்பி மீனைத் தொட்டியில் விட்டால் வேட்டையாடித் தின்னும், பார்க்க அழகு. ஒட்டுண்ணியைக் கொண்டுவரும் என்பதால் ஒரு மாதம் தனித் தொட்டியில் வைத்திருந்த கப்பி மட்டும் ஆகும். கோவில் குளத்தில் கொசுவுக்காக விட்ட கம்பூசியா மீன் ஆகாது, ஆக்ஸலாட்டலின் செவுளைக் கொத்தும். தங்கமீன், கெண்டை இனங்களில் பலவற்றில் பி1 வைட்டமினைச் சிதைக்கும் தயமினேஸ் இருக்கிறது; தொடர்ந்து கொடுத்தால் நரம்புத் தளர்ச்சி வரும். தோலுரித்த பச்சை இறால் துண்டு மாதம் இரண்டு முறை தரலாம், அதற்கு மேல் வேண்டாம். கோழி ஈரல், ஆட்டுக் கறி கூடவே கூடாது: அந்தக் கொழுப்பைக் குளிர்ந்த நீரில் வாழும் உடல் செரிப்பதில்லை. மீல்வார்ம் என்ற வண்டுப்புழுவின் ஓடு கடினம், அதுவும் வேண்டாம். மழைக்குப் பிறகு வயலில் மொய்க்கும் தலைப்பிரட்டையைப் பார்த்துக் கை நீளும். அதில் தேரைக் குட்டி விஷம், தவளைகளோடு கைட்ரிட் என்ற தோல்நோய்ப் பூஞ்சையும் வரலாம்.

எவ்வளவு, எப்போது: வெப்பமானி சொல்லட்டும்

அளவுகள் எல்லாம் 16 முதல் 18 டிகிரி நீருக்குச் சொன்னவை. குளிரூட்டி இல்லாமல் சித்திரை, வைகாசியில் தஞ்சாவூர்த் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டும். அதில் ஆக்ஸலாட்டல் தீனியோடும் பிழைக்காது, தீனி இல்லாமலும் பிழைக்காது. 22-க்கு மேல் போனால் பசி குறையும், தின்றது பாதியில் நிற்கும், மீந்தது சில மணி நேரத்தில் அழுகும். அழுகலில் வரும் அம்மோனியா, சூடும் பி.எச்.சும் கூடக்கூட நச்சு அதிகமாகும். போர் தண்ணீரின் பி.எச். 8-ஐ ஒட்டியிருக்கும் வீடுகளில் இது இரட்டை அடி. அப்படி ஒரு நாளில் தீனியை நிறுத்தி, முதலில் தண்ணீரைக் குளிர வைக்க வேண்டும். சரியான குளிர்ச்சியிலும் தின்னாமல் இருந்தால் அம்மோனியாவை அளந்து பாருங்கள். தீனியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது பிறகு.

15 செ.மீ. வரை தினமும் ஒரு வேளை, அதன்பின் இரண்டு நாளுக்கு ஒரு முறை, 20 செ.மீ. தாண்டினால் மூன்று நாளுக்கு ஒரு முறை. மேலிருந்து பாருங்கள்: வயிறு தலையின் அகலத்துக்குச் சமமாக இருந்தால் சரி. தலையைவிட அகலமானால் ஒரு வேளையை விடுங்கள். மெலிந்தால் ஒரு புழுவைக் கூட்டுங்கள். முட்டை சுமக்கும் பெண்ணுக்கு வயிறு பெருத்தே இருக்கும், அதைக் கொழுப்பு என்று நினைத்துப் பட்டினி போடாதீர்கள். மீந்ததை அரை மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும்; இதற்கு ரப்பர் குமிழ் வைத்த பெரிய உறிஞ்சுகுழாய் ஒன்றைத் தனியாக ஒதுக்கி வைத்தால் போதும்.

பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ ஐந்தாறு நாள் ஊருக்குப் போகிறவர்கள், வளர்ந்த ஆக்ஸலாட்டலுக்குத் தீனி ஏற்பாடு செய்யவே வேண்டாம். கிளம்பும் முன் இரண்டு நாள் முன்னதாக வழக்கமான தீனி, கிளம்பும் நாளில் பாதி நீர் மாற்றாமல் கால்வாசி மாற்றம், அவ்வளவுதான். நல்ல உடம்புள்ளது ஒரு வாரம் தாராளமாகத் தாங்கும். தெரியாத கையில் உருண்டை டப்பாவைக் கொடுத்தால் பாசத்தில் ஒரு பிடி அள்ளிப் போட்டுவிடுவார்கள். பக்கத்து வீட்டில் சாவி கொடுப்பதானால், கரண்ட் போய் வந்த பிறகு குளிரூட்டி மறுபடி ஓடுகிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.